சைலன்சரை எப்படிக் கேட்பது

சைலன்சர் என்ற பொருளை அதன் பெயருக்கு நேரெதிரான காரணத்துக்காகத்தான் நம்மில் பலர் தேடிப்போய் வாங்குகிறோம். “நல்லா சவுண்டு வருமாண்ணே?” என்பதுதான் கடையில் முதல் கேள்வி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் “சத்தம் கம்மியா இருக்குமா?” என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த முதல் கேள்வியில் இருக்கும் ‘நல்லா’ என்ற சொல் என்னை விடுவதாக இல்லை. நல்லா என்றால் எப்படி? யாருக்கு நல்லா? ஒரு சிறுகதை நன்றாக இருக்கிறது என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்டால் நாலு வரியாவது பதில் வரும். பாடகர்களின் குரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஃபில்டர் காபியின் கசப்பில் எத்தனை தினுசு என்று சண்டை போடுகிறோம். நாள் முழுக்கக் காதில் விழுகிற இன்ஜின் ஒலியைப் பற்றி நம்மிடம் இருக்கும் விமர்சனச் சொற்கள் மொத்தம் மூன்று: பேஸ், தம்ப், கெத்து. மூன்றாவது, ஒலியைப் பற்றியதே கிடையாது.

நான் இதற்குள் இறங்கியதற்குக் காரணம் துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே ஓடி நிற்கும் வண்டியில் சைலன்சர் முழுசாகச் சூடாவதே இல்லை, அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கிவிடும். என் 350 சிசி புல்லட்டின் கம்பெனி சைலன்சர் அப்படித்தான் அடிப்பக்கம் அரித்துப்போனது. மாற்றித்தான் ஆக வேண்டும். எதை மாற்றுவது என்று முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் செய்தது ஒன்றுதான், நின்று கேட்டது. தமிழில் ‘கேள்வி’ என்றால் கேட்டறிவது என்றும் பொருள், குறளில் அதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. இது அந்த அர்த்தத்தில் ஒரு கேள்விக் கட்டுரை.

*

முதலில் பிரதியைப் பார்ப்போம், பதிப்பை அப்புறம் பார்க்கலாம். இங்கே பிரதி என்பது இன்ஜின்.

புல்லட் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை வெடிப்பு. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வையுங்கள். 450 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஏழரை. மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே இருப்பதை ஸ்வரமாகக் கேட்பதில்லை, தனித்தனி அடியாகத்தான் கேட்கிறது. ஆக, சிக்னலில் நிற்கும் புல்லட்டில் நாம் கேட்பது சுருதி அல்ல, தாளம். திராட்டிலைத் திருகி 2,400 சுற்றைத் தாண்டும்போது வெடிப்பு நொடிக்கு 20 ஆகிறது. அந்த இடத்தில் காது எண்ணுவதைக் கைவிட்டுவிடும். தாளமாக இருந்தது மெல்ல ஸ்வரமாக உருகத் தொடங்கும். மிருதங்கம் மெதுவாகத் தம்புராவாக மாறுகிற மாதிரி. நாலு சிலிண்டர் ஜப்பானிய பைக்குகளுக்கு இந்த வாசல் கிடையாது. ஐட்லிங்கிலேயே அவை அந்தப் பக்கம் இருக்கின்றன. ஸ்வரத்தில் பிறந்து ஸ்வரத்திலேயே கத்துபவை அவை. புல்லட் மட்டும் ஒவ்வொரு கியருக்கும் அந்த வாசலை ஒருமுறை கடந்து மேலே போய் மறுபடி கீழே வருகிறது. ‘தம்ப்’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்தக் கடத்தலைத்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிராங்கின் இரண்டு சுற்றுக்கு 720 டிகிரி. அதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி மூன்றில் இரண்டு பங்கு குழாய்க்குள் புதிதாக எதுவும் வருவதில்லை. நாம் இவ்வளவு சிலாகிக்கும் ஒலியின் பெரும்பகுதி இடைவெளி. தமிழில் இதற்குப் பொருத்தமான இலக்கண வகை ஒன்று தயாராக இருக்கிறது, இரட்டைக்கிளவி. ‘தடதட’ என்பதைப் பிரித்து ‘தட’ என்று வைத்தால் பொருள் கிடையாது. புல்லட்டின் ஒற்றை அடியும் அப்படித்தான், ஒரு அடி வெறும் வெடிச்சத்தம். இரண்டாவது அடி வந்து முதல் அடியோடு ஓர் இடைவெளியை உண்டாக்கும்போதுதான் அது ‘டபடப’ ஆகிறது.

ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை சிலிண்டர் வண்டி 2018-இல் வந்தபோது அதன் ஒலி ஏன் அப்படி நொண்டியடிக்கிறது என்று பலர் கேட்டார்கள். அதன் கிராங்க் 270 டிகிரியில் அமைந்தது. முதல் வெடிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 270 டிகிரி, பிறகு 450. இரண்டையும் 90-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3, 5. தகிட, தகதகிட. திஸ்ரமும் கண்டமும் சேர்ந்த எட்டு. ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வின்னுக்கு இடைவெளிகள் 315, 405. 45-ஆல் வகுத்தால் 7, 9. மிஸ்ரம், சங்கீர்ணம். மில்வாக்கி ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் தங்கள் தாளம் தங்களுக்கே சொந்தம் என்பது தெரிந்திருந்தது. 1994-இல் அந்த ஒலியை வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய ஹார்லி விண்ணப்பித்தது. போட்டிக் கம்பெனிகள் எதிர்த்தன. ஆறு வருஷம் இழுத்து, 2000-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு நடையைக் காப்புரிமை செய்ய முடியாது என்று எந்த இலக்கிய வாசகரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

*

சைலன்சர் இந்தப் பிரதியை என்ன செய்கிறது?

இரண்டே வழி. ஒன்று, உள்ளே அறைகளும் தடுப்புத் தகடுகளும் வைத்து ஒலி அலையைத் திருப்பிவிட்டு, அதே அலையைக் கொண்டே அதை அடிக்க வைப்பது. கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, ஓட்டை போட்ட நேர்குழாயைச் சுற்றிக் கிளாஸ் வுல்லைத் திணிப்பது. ஒலி அந்த நாருக்குள் நுழைந்து உராய்ந்து சூடாகிச் செத்துப்போகும். கடைகளில் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்று விற்பதில் ஒழுங்கானவை இந்த இரண்டாம் வகை. மூன்றாவதாக ஒன்று உண்டு, உள்ளே எதுவுமே இல்லாத தகரக் குழாய். தெருவில் அதிகம் ஓடுவது அதுதான்.

முதல் வாரம் நான் கேட்டது மூன்றாம் வகை. கடை அண்ணன் கையில் எடுத்துக் கொடுத்தார். எடை குறைவு. விலை 2,200. வடிவத்துக்குப் பெயர் ‘கோல்டுஸ்டார்’. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் என்ற பிரிட்டிஷ் பைக் 1963-இல் நின்றுபோனது. அதன் சைலன்சருக்கு ஒரு தனிக் கீர்த்தி, திராட்டிலை விட்டுவிட்டு வேகம் இறங்கும்போது அது குருவி மாதிரி கீச்சிடும். இங்கிலாந்தில் அந்தக் கீச்சொலிக்காகவே அதை நேசித்தவர்கள் உண்டு. நம் கடையில் தொங்கும் கோல்டுஸ்டாரிடம் அந்த உருவம் இருக்கிறது, கீச்சொலி இல்லை. மூலத்தைப் படிக்காமல் அட்டையை மட்டும் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு.

“கேட்டுப் பாரு தம்பி” என்று கடையில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினார். தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர். எதை முறுக்கினாலும் பிரமாதமாகத்தான் கேட்கும். அந்த முதல் ஐந்து நொடி எனக்கும் மயிர் கூச்செறிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆறாவது நொடியிலிருந்து ஏதோ குறைகிறது என்று பட்டது. யோசித்தபோது புரிந்தது, குறைந்தது அந்த இடைவெளி. மெல்லிய தகரம் ஒவ்வொரு வெடிப்புக்கும் மணி மாதிரி அதிர்கிறது. அந்த அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடுகிறது. இரண்டு அடிக்கு நடுவே இருக்க வேண்டிய காலி இடத்தில் தகரத்தின் ரீங்காரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘டப் டப்’ போய் ‘ட்ரங்ங்’ மிஞ்சுகிறது. வண்டி சத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் தாளம் போய்விட்டது. சத்தம் கூடினால் தம்ப் கூடும் என்பது நம் தெருக்களில் ஓடும் மிகப் பெரிய விமர்சனப் பிழை. வெற்றுக் குழாய் தம்பைத்தான் முதலில் கொல்கிறது.

இங்கே ஒரு பழைய ஆளைத் துணைக்கு அழைக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் த்வனி என்ற கோட்பாட்டை எழுதினார். நாம் ‘தொனி’ என்று அன்றாடம் சொல்கிற சொல் அதுவேதான். கவிதையில் நேரடிப் பொருள் முடிந்த பிறகு எழுந்து நீள்கிற பொருளை, மணி அடித்து ஓய்ந்த பின் நீளும் அனுரணனத்தோடு அவர் ஒப்பிட்டார். அப்படியென்றால் தகரத்தின் ரீங்காரமும் தொனிதானே என்று நண்பன் மடக்கினான். நல்ல கேள்விதான். என் பதில்: மணியின் ரீங்காரம் நீள்வதற்கு அடுத்த அடி காத்திருக்க வேண்டும். பூசாரி நொடிக்கு ஏழு முறை மணியை அடித்தால் அங்கே அனுரணனம் கிடையாது, இரைச்சல்தான் உண்டு. தொனிக்கு வெற்றிடம் தேவை.

‘பட்டாசு’ என்ற வகையைப் பற்றி ஒரே பத்தி போதும். ஓடும்போது கில் சுவிட்சை அணைத்து உடனே போட்டால், எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் வெடிக்கும். புதிய வண்டிகளில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரை இது அரித்துத் தின்றுவிடும். கேட்பவருக்கு அதில் தாளம், ஸ்வரம், தொனி எதுவும் இல்லை. ஒருவர் திடுக்கிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு உள்ளடக்கமே கிடையாது. பேய்ப்படத்தில் கதவு படாரென்று சாத்துவதை இசையமைப்பு என்று சொல்ல மாட்டோம் அல்லவா.

கிளாஸ் வுல் வகையைக் கேட்டது இரண்டாம் வாரம், தெரிந்தவர் ஒருவரின் வண்டியில். கனமான பொருள், வாயில் டிபி கில்லர் என்ற செருகு. செருகோடு கேட்டபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. மேல் ஸ்தாயிச் சில்லறைச் சத்தங்களை நார் உறிஞ்சிவிடுகிறது, கீழே இருக்கும் அடி மட்டும் சுத்தமாக வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஓரம் உண்டு. இடைவெளி இடைவெளியாக இருக்கிறது. “இப்பப் பாருங்க” என்று அவர் ஆலன் கீயால் செருகைக் கழற்றினார். ஒலி பெரிதானது, கூடவே ஓரங்கள் மங்கின. அவருக்குக் கழற்றியதுதான் பிடிக்கிறது. நான் அவரோடு வாதாடவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டதில் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது: நல்ல சைலன்சர் வெடிப்பைப் பெரிதாக்குவதில்லை, இரண்டு வெடிப்புக்கு நடுவே இருப்பதைக் காவல் காக்கிறது. இந்த நாரும் நிரந்தரமல்ல. சூட்டில் மெல்ல எரிந்து, வாய்வழியே துகளாகப் பறந்துவிடும். சில வருஷத்தில் அதுவும் வெற்றுக் குழாயாகும், பிரித்து மறுபடி திணிக்க வேண்டும். பலர் திணிப்பதில்லை, “இப்பத்தான் சவுண்டு செட் ஆச்சு” என்பார்கள்.

(ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் இந்நேரம் பொறுமை இழந்திருப்பார்கள். அது இரண்டு ஸ்ட்ரோக், அதன் அழகியல் வேறு. அங்கே குழாயின் வயிறும் கூம்பும் சத்தத்துக்காக அல்ல, திரும்பி வரும் அழுத்த அலையால் புதிய கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளி வைப்பதற்காக. இந்த வித்தையைக் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியின் வால்டர் காடன் 1950-களில் செதுக்கினார். 1961-இல் அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, அந்த அறிவோடு சுசூகியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே சுசூகிக்கு 50 சிசி உலகப் பட்டம். பனிப்போரில் ஒரு புகைக்குழாயும் எல்லை தாண்டியிருக்கிறது. இதைத் தனியாக எழுத வேண்டும்.)

*

சைலன்சர் வாங்குபவர் செய்யும் தேர்வில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. ஓட்டுபவர்தான் அந்த ஒலியைக் கேட்பதற்கு மிக மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழாயின் வாய் பின்னால் பார்க்கிறது, அவர் முன்னால் போகிறார். தலையில் ஹெல்மெட். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்றின் இரைச்சல். டாப்பெட்டும் செயினும் காலடியிலேயே சத்தம் போடுகின்றன. பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது மிச்சம்மீதி. முழுப் படைப்பும் போய்ச் சேருவது பின்னால் இருப்பவர்களுக்கு: பஸ் ஸ்டாப்பில் நிற்பவர், இட்லிக் கடை ஆயா, நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸ், தொட்டிலில் இருக்கும் பிள்ளை. கண்ணாடி முன் நின்று சட்டையைத் தேர்ந்தெடுக்கலாம், அங்கே நாமே நமக்குப் பார்வையாளர். சைலன்சரில் அந்த வசதி இல்லை. அது எழுதியவன் படிக்கவே முடியாத புத்தகம்.

அதனால்தானோ என்னவோ எல்லோரும் செல்போனில் பதிவு செய்து கேட்கிறோம். செல்போன் அந்த வேலைக்கு ஆகாது. அதன் ஒலிபெருக்கிக்கு அடித்தளத்து அதிர்வுகளை எழுப்பும் அளவு உடம்பு கிடையாது. மைக் வேறு தானாகவே பெரிய சத்தத்தை அமுக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கிவிடும். புல்லட்டின் ஒலியில் எது முக்கியமோ, அதாவது அடிக்கும் இடைவெளிக்கும் உள்ள உயரவேறுபாடு, அதைத்தான் அது முதலில் சமன் செய்கிறது. இருநூறு ரூபாய்த் தகரமும் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளும் போனில் ஒரே ஆள் பேசுவது மாதிரி இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சரியாகக் கேட்கும் முறையைச் சட்டம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. ஓடும் வண்டியின் பாதையிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக்கை நிறுத்தி, வண்டியைக் கடந்துபோகச் செய்து அளக்கிறார்கள். 175 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு உச்சவரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கு கந்துவட்டி மாதிரி. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். எண்ணை விடுங்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள். சட்டம் சீட்டில் உட்காரவில்லை. ஏழரை மீட்டர் தள்ளி, தெருவோரம் நிற்கிறது. விமர்சகன் நிற்க வேண்டிய இடமும் அதுதான். எந்தக் கடைக்காரரும் வண்டியை நம் தெருவில் ஓட்டிக் காட்ட மாட்டார், ஆகவே நண்பனை ஓட்டச் சொல்லி நாம் நிற்க வேண்டும். மூன்றாம் கியரில், நாற்பதில், முறுக்காமல். பிறகு ஐட்லிங்கில், காலை ஐந்தரைக்கு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 45 டெசிபல்தான் என்பது அந்த நேரத்தில் தெருவில் நின்றால் விதியாகத் தெரியாது, உண்மையாகவே தெரியும். குயில் கூவுவதும் பால் பாக்கெட் விழுவதும் தனித்தனியாகக் கேட்கும்.

*

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்ல பிள்ளைக் கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் ‘சத்தம் போடாதே’ என்பது நம் ஊரில் அத்தனை அப்பாவியான வாக்கியம் இல்லை.

கனடிய இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர், ஒலிச்சூழல் பற்றி 1977-இல் எழுதிய நூலில் ‘புனித இரைச்சல்’ என்றொரு கருத்தைச் சொல்கிறார். ஒரு சமூகத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய, யார் கண்டனமே இல்லாமல் மிகப் பெரிய சத்தம் போடுகிறார் என்று பார்த்தால் போதும். ஒரு காலத்தில் தேவாலய மணி, பிறகு ஆலைச் சங்கு. புல்லட்டை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். 1950-களில் ராணுவத்துக்காக வந்த வண்டி அது, 1955-லிருந்து சென்னையில், திருவொற்றியூரில். பிறகு போலீஸ், பிறகு பண்ணையார், மைனர். தமிழ் சினிமாவில் எத்தனையோ காட்சியில் ஆள் வருவதற்கு முன்னால் அந்த ஒலி வரும், தெருவில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தன் வருகையை முன்கூட்டி அறிவிக்கும் உரிமை உள்ளவரின் ஒலி அது. ‘கெத்து’ என்ற சொல் ஒலி விமர்சனத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு சைலன்சர் பற்றி டெசிபல் மொழியில் மட்டும் பேச என்னால் முடியவில்லை. அங்கே யாரும் மீட்டர் வைத்து அளக்கவில்லை. அந்த இன்ஜினின் ஒலி யார் வீட்டு வாசலிலிருந்து கிளம்பலாம் என்பதுதான் அங்கே பிரச்சினை. நூறு வருஷமாகத் தெருவில் சத்தமில்லாமல் நடக்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளை வண்டியை முறுக்கும்போது, அதை ‘ஒலி மாசு’ என்று மட்டும் வகைப்படுத்துகிற காது எந்தக் காது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சைலன்சர்களைத் தெருவில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் போலீஸ் படங்கள் பெங்களூரு, மும்பை என்று பல ஊர்களிலிருந்து வருகின்றன. அந்த வரிசையில் கட்சிக் கொடி கட்டிய காரின் ஏர் ஹாரன் ஒன்றாவது கிடக்கிறதா என்று நான் தேடிப் பார்ப்பதுண்டு.

சரி, அப்படியானால் வெற்றுக் குழாய் ஒரு கலகமா? அப்படி வாதிடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. அந்தச் சத்தம் யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள். பெரிய வீடு தெருவிலிருந்து உள்தள்ளி இருக்கிறது, சுற்றுச்சுவர், ஏசி, மூடிய ஜன்னல். தெருவை ஒட்டிக் கதவு வைத்த ஒற்றை அறை வீட்டில்தான் அது முழுசாக இறங்குகிறது. மேலே இருப்பவரை நோக்கி எறிந்த கல் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுகிறது. 1913-இல் இயந்திர இரைச்சலே இனி இசை என்று அறிக்கை எழுதிய லூயிஜி ருஸ்ஸோலோவும் அவருடைய ஃபியூச்சரிஸ்ட் கூட்டாளிகளும் தங்களைக் கலகக்காரர்களாகத்தான் நினைத்தார்கள். அந்த இயக்கம் யுத்தத்தைக் கொண்டாடிக் கடைசியில் முசோலினி பக்கத்தில் போய் நின்றது. இரைச்சல் தன்னளவில் எந்தப் பக்கமும் இல்லை, கையில் எடுத்தவர் பக்கம்தான்.

ஆக எனக்குத் தோன்றுவது இது: புல்லட் ஓட்டும் உரிமை, அந்த ஒலியோடு ஊர் நடுவே போகும் உரிமை, எல்லோருக்கும் சமமாக வேண்டும். அதில் கால் டெசிபல்கூடப் பேரம் கிடையாது. ஆனால் அந்த உரிமைக்கு வெற்றுக் குழாய் தேவையில்லை. பண்ணையாரின் வண்டியிலும் இருந்தது கம்பெனி சைலன்சர்தான். எழுந்து நிற்க வைத்தது அதன் சத்தமல்ல, அவருடைய நிலம்.

*

மூன்றாம் வாரம் முடிவுக்கு வந்தேன். கிளாஸ் வுல் பொருள் மேல் ஆசை இருந்தது. விலையைத் தவிர இரண்டு தடை. அதன் அடியில் ‘ரேஸ் மைதானத்துக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் பொறித்திருந்தது, ரோட்டில் பிடித்தால் அபராதம் 10,000 வரை போகலாம். இரண்டாவது தடை எனக்குப் பெரிதாகப் பட்டது. அதன் அழகு டிபி கில்லரைக் கழற்றாமல் இருப்பதில்தான் இருக்கிறது, கழற்ற ஓர் ஆலன் கீ போதும், அந்தச் சாவி என் டூல் பாக்ஸிலேயே இருக்கிறது.

புதுப்பேட்டையில் கம்பெனி வகை நீளக் குழாய் ஒன்று கிடைத்தது, இரண்டாம் கை, க்ரோம் கொஞ்சம் மங்கல். கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார், “ஸ்டாக்கா தம்பி? ஸ்டாக்கே போதுமா?” மெக்கானிக் அண்ணன் பெண்ட் பைப்பும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டார். அந்த இடத்தில் காற்று உறிஞ்சினால் திராட்டிலை விடும்போது வெட்டு வெட்டாகப் பொரியும், எந்தச் சைலன்சர் மாட்டினாலும் அது போகாது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் காதை வைத்தே குறைத்தார், மீட்டர் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் கை தானாக நின்றது. ஒவ்வொரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் தாராளமாகவே இடம் இருந்தது.

மறுநாள் காலை நண்பனை ஓட்டச் சொல்லிவிட்டுத் தெருமுனை ரேஷன் கடைத் திண்ணையில் நின்றேன். மூன்றாம் கியர், நாற்பது. வரும்போது பெரிதாக ஒன்றும் இல்லை, டாப்பெட் சத்தம்தான் முன்னால் வந்தது. கடந்து முதுகைக் காட்டிய பிறகுதான் அடி விழ ஆரம்பித்தது. கனமாக, அவசரமில்லாமல், சுவரில் பட்டுத் திரும்பியது அடுத்த அடிக்கு வழிவிட்டு அடங்கியது. கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. நண்பன் பிள்ளையார் கோயிலில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றான், அவனும் கேட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் சீட்டில் ஏறினேன், அவன் திண்ணைக்குப் போனான்.